ஏர் ஃபில்டருக்கு ஒரு பனியன்

முந்நூறு டி-சர்ட் என்று நான் சொன்னதும் பனியன் கம்பெனி முதலாளி சிரிக்கவில்லை. கொங்கு நாட்டு மரியாதை அதற்கு இடம் கொடுக்காது. "முந்நூறு பீஸுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு மேஜையில், செக்கிங்கில் கழித்துப்போட்ட சட்டைகள் குவிந்து கிடந்தன. எண்ணிப் பார்த்தால் அதுவே முந்நூறைத் தாண்டியிருக்கும்.

மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றவன் சும்மாதானே இருப்பான் என்று பெற்றோர் சங்கத்தார் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பிரித்திருக்கும் நான்கு இல்லங்களுக்கும் நான்கு நிறத்தில் சட்டை வேண்டும். "நீங்கள் எப்படியும் பழநிக்குப் போகிறீர்கள், அப்படியே திருப்பூரில் அடித்துக்கொண்டு வந்துவிடுங்கள் சார்" என்றார் செயலாளர். பழநியில் ஒரு மணி நேரத்தில் தரிசனம் முடிந்தது. திருப்பூரில் எட்டு நாள் ஆயிற்று. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை.

பனியன் ஒரே கூரைக்குக் கீழே உருவாகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இந்த ஊரில் நூல் ஒரு தெருவில் துணியாகிறது. சாயம் ஏறுவது ஊரின் மறுகோடியில். வெட்டுவது, தைப்பது, அச்சடிப்பது எல்லாம் வெவ்வேறு வாசல்கள். மனிதர்களைவிடத் துணிதான் அதிகம் ஊர் சுற்றுகிறது. அதிலும் என்னுடையதைப் போன்ற சில்லறை ஆர்டர் என்றால், பெரிய ஆர்டர்களுக்கு நடுவே கிடைக்கிற சந்தில் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். "துணி கூடவே நீங்களும் போயிட்டீங்கன்னா சுருக்கா முடிஞ்சிருமுங்க" என்று முதலாளி சொன்னார். அப்படித்தான் நான் ஜெபராஜின் வேனில் ஏறினேன்.

ஜெபராஜுக்கு நாற்பது வயதிருக்கும். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பல வருடங்கள் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, சென்னையில் ஓடிய பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கி, இந்தக் கம்பெனியின் துணியை இடத்துக்கு இடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அந்த வகை வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். நான் உட்காருவதற்கு முன் அவர் பனியன் துணியை எட்டாக மடித்து சீட்டில் விரித்தார்.

"சூடு கொஞ்சம் தெரியும் அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க" என்றார்.

கொஞ்சம் என்பது அவரவர் தோலைப் பொறுத்தது. கால் மணி நேரத்தில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன், அடுத்த கால் மணியில் மறுபக்கமாக. கூடவே அழுகிய முட்டை நாற்றம். என்ன இது என்று கேட்டேன். "சாயப்பட்டறை ஓடை" என்றார். எங்கள் கிள்ளான் ஆறும் ஒரு காலத்தில் மணத்தது ஒன்றுமில்லை என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஓடையே இல்லாத தெருவிலும் ஓடை நாறியது.

இரண்டாம் நாள் நல்லூரில் தைக்கும் யூனிட்டைப் பார்க்கப் போனோம். வீடுகளும் யூனிட்டுகளும் ஒன்றோடொன்று தோளை உரசிக்கொண்டு நிற்கிற தெருக்கள் அவை. ஒரு ஜன்னலில் குழந்தை சோறு தின்கிறது, அடுத்த ஜன்னலில் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓடுகிறது. பதினொரு மணிக்கு மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. தெரு சட்டென்று அமைதியாகி, மறு நிமிடம் ஆட்களால் நிறைந்தது. டீ டைம். இங்கே டீக்கடைக்குப் பேக்கரி என்று பெயர். எங்கள் ஊர்த் தே தாரிக்கைப் போல உயரத்திலிருந்து இழுத்து ஆற்றும் வித்தையெல்லாம் இல்லை. டம்ளரில் நுரை விளிம்பு தட்டினால் போதும் என்கிறார்கள். அதோடு தேங்காய் பன் ஒன்று. இரண்டு தின்றேன்.

அந்தப் பேக்கரியில்தான் ஜெபராஜ் தன் கவலையைச் சொன்னார். போன மாதம் வேன் இரண்டு தடவை நடுரோட்டில் நின்றுவிட்டதாம். முதலாளி கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "ஜெபராஜு, இன்னொருக்கா நின்னுதுன்னா நாம வேற வண்டி பாத்துக்கலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏச்சுப்போட்டா திருப்பி ஏதாவது சொல்லலாம். 'ங்களா' போட்டுக் கேட்டா என்னத்தச் சொல்ல அண்ணாச்சி? இந்தக் கம்பெனி ஓட்டம் போச்சுன்னா மறுபடியும் மெஷின்ல போயி உக்கார வேண்டியதுதான்."

மதியம் யூனிட்டில் அரிசிம்பருப்புச் சாதம் போட்டார்கள். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்து, மேலே நெய் விட்டு, தொட்டுக்கொள்ள அப்பளம். பார்க்க எளிமையாக இருந்தது என்று குறைத்து எடைபோட்டுவிட்டேன். மூன்றாம் முறை கேட்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. பரிமாறிய அம்மா, "சாப்புடுங்க சாமி, அதுக்கென்னங்க" என்றார்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. மங்கலம் ரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் என் துணி காய்ந்து தயாராக இருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. அதை நல்லூருக்கு அந்தப்பக்கம் காம்பாக்டிங் செய்ய வேண்டும். நீராவி காட்டி அழுத்துகிற வேலை. அதைச் செய்யாவிட்டால் பத்து வயதுப் பிள்ளைக்குத் தைத்த சட்டை ஒரு சலவைக்குப் பிறகு ஏழு வயதுத் தம்பிக்குப் போய்விடும். அந்த மெஷினில் அன்று மாலை நான்கு மணிக்கு எங்களுக்கு இடம் சொல்லியிருந்தார்கள். தவறினால் அடுத்து ஒரு பெரிய ஏற்றுமதி லாட் ஏறும், பத்து நாள் இறங்காது. "நாலு மணிக்கு நானே அங்க இருப்பனுங்க" என்று முதலாளி காலையில் செல்போனில் சொன்னார். ஜெபராஜ் போனைப் பையில் வைத்துவிட்டு சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

ஊர் நடுவே ஒரு மேம்பாலம். பாதி ஏறும்போதே வேனுக்கு மூச்சு வாங்கியது. முதல் கியர். ஆக்ஸிலரேட்டரை ஜெபராஜ் எவ்வளவு மிதித்தாலும் வண்டி தன் வேகத்தில்தான் போனது. தலை மறையும் அளவுக்குப் பனியன் மூட்டை ஏற்றிய மொபெட் ஒன்று எங்களைத் தாண்டியது. பிறகு ஒரு சைக்கிள். பாலத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்த இரண்டு வட நாட்டுத் தொழிலாளிகள் எங்களோடு சரிசமமாக வந்தார்கள். ஒருவன் மற்றவனிடம் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

"'ஏறிக்கிடட்டுமான்னு கேக்கலாம்னு நெனச்சேன், ஆனா நமக்கு ஷிப்டுக்கு நேரமாச்சே'ங்கான்" என்றார் ஜெபராஜ் முகத்தைத் திருப்பாமல்.

அடுத்த நிமிடம் வேன் நின்றேவிட்டது. சிரித்த அதே இருவர்தான் பின்னால் போய்த் தள்ளினார்கள். உச்சி வந்ததும் கையைத் தட்டிக்கொண்டு, நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்கள். இறக்கத்தில் வேன் தானாக உருண்டது. ஆற வைத்து, தண்ணீர் ஊற்றி, கெஞ்சி, நல்லூரில் மெக்கானிக் சண்முகத்தின் பட்டறை வாசலுக்கு வந்து சேரும்போது மணி ஒன்றரை. வேறு வண்டி பிடித்துத் துணியை அனுப்பிவிடலாமே என்று நான் சொன்னேன். ஜெபராஜ் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடியும் சொல்ல வாய் வரவில்லை. வேறு வண்டியில் துணி போய் இறங்கினால், அது அவரே எழுதிக் கொடுக்கிற ராஜினாமா.

சண்முகம் ஒல்லியான மனிதர். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவர். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அழுக்குக் கந்தலில் கை துடைப்பார்கள். இவர் புத்தம்புது ஏற்றுமதித் துணியின் வெட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளாங்க இப்படிப் பண்ணுது?"

"ஒரு மூணு மாசமாவே இழுவை கொறச்சல்தான். லோடுன்னு நெனச்சேன்."

"சூடுங்க?"

"வெயில்னு நெனச்சேன்."

"முட்ட நாத்தம் வருமுங்களே?"

ஜெபராஜ் என் பக்கம் திரும்பினார். ஓடை என்று நினைத்தார் என நான் சொன்னேன். சண்முகம் தலையை ஆட்டினார். இந்த ஊரில் எல்லோருமே அப்படித்தான் நினைப்பார்களாம்.

அவர் வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாயின் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். காது கிழிகிற சத்தம். ஆனால் எஞ்சின் விடுதலை பெற்றதைப் போல உறுமியது. "பாத்தீங்களா. மூச்சு உள்ள போவுது, வெளிய வர வழியில்ல. இது மெட்ராஸ் வண்டிங்க, அங்க அப்பவே சட்டம் வந்திருச்சு, அதனால கன்வர்ட்டர் இருக்குது. அது அடச்சுப் போச்சு" என்றார். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்பது புகைக்குழாயின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய கண்கள் இருக்கும். அவற்றின் வழியாகப் போகும்போது புகையின் விஷம் குறையும். எனக்கும் அன்றுதான் தெரியும்.

"இது சும்மா அடைக்காதுங்க. மேல ஏதோ ஒண்ணு இருக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே ஃபில்டர் ஒரு பனியன் போட்டிருந்தது. இன்டர்லாக் என்கிற அடர்த்தியான வெள்ளைப் பின்னல் துணி, மூன்று மடிப்பு. ஓரமெல்லாம் ஓவர்லாக் அடித்து, கழுத்துக்கு எலாஸ்டிக் வைத்து, சுருக்கமில்லாமல் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"ஸ்டெல்லா தச்சது" என்றார் ஜெபராஜ். குரலில் ஒரு பெருமை இருந்தது. ஸ்டெல்லா அவருடைய மனைவி. பக்கத்துத் தெரு யூனிட்டில் டெய்லர். பறக்கிற பஞ்சு நெஞ்சில் இறங்கி அவளுக்கு வீசிங் வந்துவிட்டது. மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டு தைக்க ஆரம்பித்த பிறகு கொஞ்சம் குறைந்தது. வேன் இரவெல்லாம் நிற்பதோ வீட்டு வாசலில், பக்கத்து நிட்டிங் யூனிட்டின் பஞ்சு கக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழே. ஒரு நாள் ஃபில்டரைத் திறந்தால் அதற்குப் பஞ்சில் தாடி முளைத்திருந்தது. எனக்குத் துணி கட்டினால் நல்லாயிருக்கு, வண்டிக்கும் கட்டுவோம் என்று அவள் தைத்துக் கொடுத்திருக்கிறாள். போட ஒன்று, காய ஒன்று என்று மொத்தம் இரண்டு. ஞாயிறுதோறும் துவைத்து, கடைசி அலசலில் கொஞ்சம் நீலமும் போடுவார்களாம்.

சண்முகம் அந்த உறையை உருவி எடுத்துத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "தையல் அருமைங்க. ஆனா இதுதானுங்க காரணம். காத்துப் பத்தலைன்னா பெட்ரோல் முழுசா எரியாது. எரியாததெல்லாம் அந்த டப்பாவுக்குள்ள போயி எரியும். உள்ள இருக்கற கூடு உருகி அடச்சுக்கும்."

அதற்குள் எதிரே இருந்த யூனிட்டில் சாப்பாட்டு நேரம் விட்டிருந்தார்கள். முப்பது பேர் கூடிவிட்டார்கள். கன்வர்ட்டரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. உறை கைக்குக் கை மாறியது. பல்குத்திக்கொண்டே வந்த கட்டிங் மாஸ்டர் அதை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்து, "இருநூத்தி இருவது ஜிஎஸ்எம் வருமுங்க. மூணு மடிப்புல எங்கீங்க காத்துப் போகும்? சல்லட மாதிரி மெஷ் துணி வெச்சிருக்கோணும்" என்று தீர்ப்புச் சொன்னார். ஜிஎஸ்எம் என்பது துணியின் கனத்தைச் சொல்லும் கணக்காம். ஓவர்லாக்குக்குப் பதில் ஃப்ளாட்லாக் தையல் அடித்திருக்கலாம் என்றாள் ஒரு பெண். சுற்றிலும் இருந்தவர்கள் அதை ஆமோதித்தார்கள். நான் மணியைப் பார்த்தேன், இரண்டே கால்.

ஜெபராஜ் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்ததும் எங்கள் இருவரிடமும் மெதுவாகச் சொன்னார். "அவகிட்ட சொல்ல வேண்டாம். தெரிஞ்சா சோறு தண்ணி எறங்காது அவளுக்கு. பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்துட்டான்னு சொல்லிருதேன்."

"சரீங்க" என்றார் சண்முகம். நானும் சரி என்றேன்.

டப்பாவைக் கழற்றி வானத்துக்கு நேராகப் பிடித்தார்கள். நல்லதாக இருந்தால் உள்ளே வெளிச்சம் சலித்துத் தெரியுமாம். ஊசிமுனை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. புதிது கோயமுத்தூரில் சொல்லி வைத்தால் வர ஒன்றிரண்டு நாள் ஆகும், விலையும் மூன்று மாத வாடகையைத் தின்றுவிடும் என்றார் சண்முகம். இல்லையென்றால் கம்பியை விட்டுக் கூட்டைக் குத்தி எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டலாம். இந்த ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறதாம். இப்போதைக்கு அதற்கும் நேரமில்லாததால், இடையில் ஒரு துண்டுக் குழாயை வைத்து வெல்டிங் அடித்தார். மூன்றேகாலுக்கு ஆரம்பித்த வெல்டிங் மூன்று முப்பத்தைந்துக்கு முடிந்தது.

அதன் பிறகு வேன் பறந்தது. சத்தம் என்றால் சாதாரணச் சத்தமல்ல. நாய்கள் ஓடின, ஸ்கூட்டர்கள் ஒதுங்கின. நானும் ஜெபராஜும் ஒருவரோடொருவர் சைகையில்தான் பேசிக்கொண்டோம். காம்பாக்டிங் யூனிட்டின் வாசலில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் வருவது அவருக்கு இரண்டு தெருவுக்கு முன்னாலேயே கேட்டிருக்கும். மணி நான்குக்கு மூன்று நிமிடம்.

"என்னாச்சுங்க ஜெபராஜு?"

"பெட்ரோல் சரியில்ல மொதலாளி."

"நம்ம வண்டி அத்தனையும் அதே பங்க்லதானுங்க போடறோம். மத்ததெல்லாம் ஓடுதுங்களே?"

உண்மையைச் சொன்னால் ஒரு நிமிட வேலை. ஒரு சிரிப்போடு முடிந்துவிடும், இனி நிற்காது என்று முதலாளிக்கும் புரியும். ஆனால் முதலாளிக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தது வீட்டுக்கு வரும். நான் வாயைத் திறக்கப்போனேன். ஜெபராஜ் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"நாந்தான் சரியாப் பாக்கல மொதலாளி. என் தப்புதான்" என்றார்.

முதலாளி வேனைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குன்னு சொன்னோம். நாலு மணிக்கு வந்துட்டீங்க. அப்பறமென்னங்க" என்றார். பிறகு, "திங்கக்கெழம வெளிநாட்டுல இருந்து பையர் வர்றாங்க. அதுக்குள்ளார இந்தச் சத்தத்த மட்டும் நிறுத்திப்போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். ஜெபராஜ் வேனின் மறுபக்கம் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் துணிகளை எண்ணுவதைப் போலப் பாவனை செய்தேன்.

வெள்ளிக்கிழமை சட்டைகள் வெட்டப்பட்டன. அன்று காலை நடந்ததை ஜெபராஜ் சொன்னார். வீட்டு வாசலில் வேனை ஸ்டார்ட் பண்ணியதும் புகை நேராக ஜன்னலுக்குள் போயிருக்கிறது. ஸ்டெல்லா இருமி இருமிச் சுவரைப் பிடித்துக்கொண்டாளாம். சண்முகம் வெறும் டப்பாவை மாட்டத் தயாராக வைத்திருந்தார். அது சத்தத்தை அடக்கும், புகையை அடக்காது. ஜெபராஜ் அது வேண்டாம் என்று, கோயமுத்தூரில் புதிதுக்குச் சொல்லி வைக்கச் சொன்னார். "நல்லா ஓடற வண்டிக்கு ஏனுங்க இந்தச் செலவு?" என்று சண்முகம் என்னிடம் அங்கலாய்த்தார். இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் அவர் ஒருவருக்கும் புது கன்வர்ட்டர் மாட்டியதில்லையாம். சனிக்கிழமை மாலை பார்சல் வந்தது. மாட்டி முடித்ததும் வேன் ஓடுகிறதா நிற்கிறதா என்று காதால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஜெபராஜ் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரே அறை வீடு. கோழிக்குழம்பு, ரசம், அவித்த முட்டை. தேங்காய் அரைத்து விட்ட அந்தக் குழம்பில் எங்கள் கிள்ளான் வீட்டுக் குழம்பின் சாயல் இருந்தது. ஆனால் காரம் எனக்கு இரண்டு வாய்க்குமேல் தாங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு ஜெபராஜ் தயிர் வாங்கிவரக் கடைக்குப் போனார்.

ஸ்டெல்லா ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். "அண்ணாச்சி, வண்டிக்கு என்ன கோளாறாம்?"

"பெட்ரோல்தான் அம்மா. கலப்படம்" என்றேன். நாற்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. சொல்கிற அனுபவம் அவ்வளவாக இல்லை.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் தச்ச உறைதான்னு வியாழக்கெழம சாயங்காலமே தெரியும் அண்ணாச்சி. எத்தன ஜிஎஸ்எம் துணின்னுகூட எங்க யூனிட்டுல சொல்லிட்டாவ. ராத்திரியெல்லாம் அழுதேன். அவிய பெட்ரோல் பெட்ரோல்னு சாதிக்காவ. மொதலாளிகிட்ட தன் தப்புன்னு சொன்னாவளாமே, அதையும் சொல்லிட்டாவ." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பும் இருந்தது. "எனக்குத் தெரியும்னு அவியகிட்ட சொல்லிராதிய. சந்தோசமா இருக்காவ."

ஜெபராஜ் தயிரோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "இனிமே அந்தப் பங்க்ல பெட்ரோல் போட மாட்டேன் ஸ்டெல்லா" என்றார்.

"அந்தப் பக்கமே போவாதிய. நல்லாவா இருப்பான் அவன்?" என்றாள் ஸ்டெல்லா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அந்தப் பங்க்காரரைப் பற்றி இரண்டு வார்த்தை கடுமையாகவே சொன்னேன்.